ஒரே யூசர், ரெண்டு விண்டோ, ரெண்டு குரூப் லிஸ்ட்: ஒரு லேப் சர்வர்ல நடந்தது

பின்னணி

நான் பாத்துக்கற ஒரு ரிசர்ச் லேப்ல நடந்தது இது. ஆளுங்க பேரு, காலேஜ் பேரு எதுவும் போடல, ப்ராஜெக்ட் பேரயும் மாத்தியிருக்கேன், மத்தபடி நடந்த வரிசைலயே சொல்றேன்.

லேப்ல இருக்கறது ஒரே ஒரு பெரிய சர்வர். உபுண்டு 22.04, உள்ள ரெண்டு ஏஎம்டி ஜிபியு. எல்டாப் மாதிரி பல மெஷினுக்கும் பொதுவா அக்கவுன்ட் வெக்கற ஏற்பாடு எதுவும் கிடையாது, எல்லா அக்கவுன்ட்டும் அந்த மெஷின்லயே லோக்கலா இருக்கு, கிட்டத்தட்ட நாப்பது பேரு. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரு குரூப், ஒரு ஃபோல்டர். ஃபோல்டர் பெர்மிஷன் 2770, அதாவது ஓனருக்கும் குரூப்புக்கும் எல்லாம் உண்டு, வெளி ஆளுக்கு எட்டிப்பாக்கக்கூட முடியாது, முன்னாடி இருக்கற அந்த 2 எதுக்குன்னா உள்ள யாரு ஃபைல் போட்டாலும் அது ப்ராஜெக்ட் குரூப் பேர்லயே விழணும்னு. இது போக ஜிபியு யூஸ் பண்றவங்க வீடியோ, ரெண்டர்னு ரெண்டு குரூப்லயும் இருக்கணும்.

கதைல மூணு பேரு. நான். எங்கூட வேலை பாக்கற ஜூனியர் அட்மின், சேந்து ஒரு வருஷம் ஆகுது, நல்ல பையன், தேடிப் படிச்சு பண்ணுவான். மூணாவது ஒரு பிஎச்டி ஸ்காலர். அவங்க ஏற்கனவே "குரல்"ங்கற ப்ராஜெக்ட்ல இருந்தாங்க, அன்னைக்குதான் "நிலம்"ங்கற இன்னொரு ப்ராஜெக்ட்லயும் சேத்தாங்க.

இன்னொரு விஷயத்தயும் இங்கயே சொல்லிடறேன், பின்னாடி இதான் வில்லன். எங்க சர்வருக்கு எஸ்எஸ்எச்ல, அதாவது நெட்வொர்க் வழியா லாகின் பண்ணி, வரணும்னா ஒவ்வொரு தடவையும் ஓடிபி போடணும். பசங்க நாளைக்கு இருவது தடவ ஓடிபி போடறோம்னு பொலம்புனதால, புதுசா சேர்ற எல்லாருக்கும் ஒரு சின்ன எஸ்எஸ்எச் கான்ஃபிக் எழுதி குடுத்திருந்தேன். அதுல கன்ட்ரோல்மாஸ்டர், கன்ட்ரோல்பெர்சிஸ்ட் ரெண்டும் ஆன். அதாவது முதல் தடவ கனெக்ட் ஆன அந்த ஒரு கனெக்ஷனே பின்னாடி உயிரோட இருக்கும், அப்புறம் எத்தன டெர்மினல் தொறந்தாலும் அதே பைப்புக்குள்ளதான் போகும், ஓடிபி கேக்காது. எழுதினது நான்தான். எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம்.

திங்கக்கிழமை

காலைல பத்து மணி வாக்குல நிலம் குரூப்ல அவங்களை சேக்கச் சொல்லி ரிக்வெஸ்ட் வந்துச்சு. ஜூனியர் எங்க நோட்ஸ்ல இருந்த கமாண்ட காப்பி பண்ணி, அக்கவுன்ட் விவரத்த மாத்தற யூசர்மாட் போட்டான், சின்ன ஏ, பெரிய ஜி ரெண்டு ஆப்ஷனும் சரியாவே இருந்துச்சு. அப்புறம் ஒரு ஆளோட குரூப் எல்லாத்தயும் காட்டற ஐடி கமாண்ட அடிச்சு பக்கத்துல அவங்க யூசர் பேரப் போட்டு பாத்தான், லிஸ்ட்ல நிலம் வந்துடுச்சு. டிக்கெட்ட மூடிட்டான்.

அர மணி நேரத்துல மெசேஜ். "சார், நிலம் ஃபோல்டருக்குள்ள போனா பெர்மிஷன் டினைட்னு வருது."

இவன் சொன்னது எல்லாரும் சொல்றதுதான், லாக்அவுட் பண்ணிட்டு லாகின் பண்ணுங்க மேடம்னு. அவங்க எடிட்டர மூடித் தொறந்தாங்க, அதே எர்ரர். தனியா ஒரு டெர்மினல் தொறந்து எஸ்எஸ்எச் போட்டாங்க, அதே எர்ரர். எக்ஸிட்னு அடிச்சு வெளிய போய் திரும்ப உள்ள வந்தாங்க, அதேதான். லாக்அவுட் நெஜமாவே பண்ணீங்களான்னு இவன் மூணாவது தடவ கேட்டப்ப அவங்களுக்கு கோவம் வந்துச்சு, வராம என்ன பண்ணும்.

அதுக்கப்புறம் இவன் சர்வர் பக்கம் தேட ஆரம்பிச்சான். தேடுன விதத்துல தப்பு சொல்ல முடியாது. ஃபோல்டரோட ஓனர், குரூப் சரியான்னு பாத்தான், சரி. மேல இருக்கற ஒவ்வொரு டைரக்டரிக்கும் உள்ள நுழையற பெர்மிஷன் இருக்கான்னு பாத்தான், இருந்துச்சு. ஆளுக்கு ஆள் தனியா பெர்மிஷன் வெக்கற ஏசிஎல் ஏதாச்சும் தடுக்குதான்னு பாத்தான், ஏசிஎல்லே கிடையாது. குரூப் விவரத்த எங்கேந்து எடுக்கணும்னு சொல்ற என்எஸ்ஸ்விட்ச் ஃபைலப் பாத்தான், லோக்கல் ஃபைல்தான் முதல்ல, கேஷ் பண்ணி வெக்கற என்எஸ்சிடி இன்ஸ்டாலே ஆகல. என்எஃப்எஸ் மவுன்ட்டா, அதாவது நெட்வொர்க் வழியா வர்ற டிஸ்க்கா, இருந்தா ஒரு ஆளுக்கு 16 குரூப்புக்கு மேல போனா மீதிய வெட்டிடும்னு எங்கயோ படிச்சிருந்தான், அது உண்மையும்கூட, பழைய ஏயூடிஎச்-சிஸ் முறைல ரிக்வெஸ்ட்டோட 16 குரூப் நம்பர்தான் அனுப்ப முடியும், ஆனா இது லோக்கல் டிஸ்க், அவங்களுக்கு இருக்கறதும் அஞ்சே குரூப். அதுவும் இல்ல.

மத்தியானம் ப்ராஜெக்ட் சீனியர் ஒருத்தர் வந்து "777 போட்டு விட்ருப்பா, வேலை ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு சொன்னாராம். ஜூனியர் மாட்டேன்னுட்டான். உள்ள இருக்கறது வெளி நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டு வாங்கின படங்கள், அத நாப்பது பேருக்கும் தொறந்து விட முடியாது. அன்னைக்கு எடுத்த முடிவுகள்லயே நல்ல முடிவு இதான்னு நான் நெனைக்கறேன்.

மோசமான முடிவு சாயங்காலம் வந்துச்சு. அஞ்சரை மணி, வீட்டுக்கு கெளம்பற நேரம், காலைல போட்டது எங்கயோ சரியா ஒட்டலயோன்னு ஒரு சந்தேகம், இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்னு யூசர்மாட் கமாண்ட இந்த தடவ நோட்ஸ பாக்காம ஞாபகத்துல இருந்து அடிச்சிருக்கான். பெரிய ஜி மட்டும் போட்டான், சின்ன ஏ போடல. அந்த ஒரு எழுத்து இல்லன்னா யூசர்மாட் "இதையும் சேத்துக்கோ"ன்னு எடுத்துக்காது, "இனிமே இது மட்டும்தான்"னு எடுத்துக்கும், ப்ரைமரி குரூப்ப தவிர மத்த எல்லாத்துல இருந்தும் ஆள தூக்கிடும். கமாண்ட் எந்த எச்சரிக்கையும் குடுக்கல, ஆர் யூ ஷ்யூர்னு கேக்கல, ப்ராம்ப்ட் பேசாம திரும்பி வந்துச்சு. திரும்ப ஐடி போட்டு பாத்தான், நிலம் இருக்கான்னு மட்டும் தேடினான், இருந்துச்சு. குரல், வீடியோ, ரெண்டர் மூணும் காணாம போனத கவனிக்கல.

அந்தப் பக்கம் அவங்களுக்கும் ஒண்ணும் தெரியல. நிலம் வரல, மத்ததெல்லாம் எப்பவும் போல ஓடிட்டு இருந்துச்சு. குரல் டேட்டாவ வெச்சு அஞ்சு நாளா ஒரு ட்ரெய்னிங் ஜாப் டிமக்ஸ்குள்ள (கனெக்ஷன் போனாலும் சர்வர்ல உயிரோட இருக்கற டெர்மினல்) ஓடிட்டு இருந்துச்சு, அதுவும் நிக்கல.

செவ்வாக்கிழமை காலை

திங்க ராத்திரி அவங்க லேப்டாப்ல அப்டேட் வந்து ரீஸ்டார்ட் ஆயிருக்கு. காலைல வந்து ஓடிபி போட்டு சர்வருக்குள்ள போனாங்க, நிலம் ஃபோல்டர் தொறந்துடுச்சு. தேங்க்ஸ் சொல்லி மெசேஜும் போட்டாங்க. இருவது நிமிஷம் கழிச்சு அடுத்த மெசேஜ்: இப்ப குரல் ஃபோல்டர் டினைட்னு வருது, பைத்தான்ல ஜிபியுவே தெரியல. ஆனா டிமக்ஸ்குள்ள போனா குரல் வருது, ஜிபியு வருது, நிலம் வரல.

ஜூனியர் என் சீட்டுக்கு வந்து மெதுவா கேட்டான், "சார், டிஸ்க் கரப்ட் ஏதும் ஆயிருக்குமா?"

அப்பதான் நான் உள்ள வந்தேன். அதுவரைக்கும் இந்த விஷயம் எனக்கு தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் லாக்அவுட் லாகின்னுதான் நானும் சொல்லியிருப்பேன்.

அவங்க டேபிளுக்கே போயிட்டேன். ஸ்க்ரீன்ல ரெண்டு விண்டோவ பக்கத்துல பக்கத்துல வெக்கச் சொன்னேன், இடது பக்கம் புதுசா தொறந்த ஷெல், வலது பக்கம் டிமக்ஸ். ரெண்டுலயும் யூசர் பேரு போடாம வெறும் ஐடின்னு மட்டும் அடிக்கச் சொன்னேன். இடது பக்கம் 1031, 1042 ரெண்டே நம்பர். வலது பக்கம் 44, 110, 1019, 1042. இதுல 1042 அவங்களோட சொந்த ப்ரைமரி குரூப், 1031 நிலம், 1019 குரல், 44 வீடியோ, 110 ரெண்டர். அடுத்து ரெண்டு விண்டோலயும் ஐடியோட யூசர் பேரயும் சேத்து அடிக்கச் சொன்னேன், இப்ப ரெண்டுலயும் ஒரே பதில், 1031, 1042.

திங்கக்கிழமை காலைலயே அவங்க கையால வெறும் ஐடி ஒரு தடவ அடிச்சிருந்தா கத பதினஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். ஜூனியர் நாள் பூரா அடிச்சது எல்லாமே யூசர் பேரு போட்ட ஐடி, அதுவும் அவனோட ஷெல்லுல இருந்து.

உள்ள என்ன நடந்துச்சு

ஐடி பக்கத்துல பேரு போட்டா அது போய் குரூப் ஃபைலப் படிச்சுட்டு வந்து சொல்லும், இந்த ஆளு இப்ப எந்தெந்த குரூப்ல எழுதியிருக்குன்னு. பேரு போடலன்னா ஃபைலையே நம்பாது, ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையமான கெர்னல்கிட்ட கேக்கும், இப்ப ஓடிட்டு இருக்கற இந்த ப்ராசஸ் மேல எந்த குரூப் நம்பரெல்லாம் ஒட்டியிருக்குன்னு. கேள்வியே வேற, அதனால பதிலும் வேற வரலாம்.

கெர்னலுக்கு ஈடிசிக்குள்ள குரூப்னு ஒரு ஃபைல் இருக்கறதே தெரியாது. அதுக்கு தெரிஞ்சது நம்பர் மட்டும்தான். நீங்க லாகின் பண்ணும்போது எஸ்எஸ்எச்டி மாதிரி ஒரு ப்ரோக்ராம், ரூட், அதாவது முழு அட்மின், அதிகாரத்துல ஓடிட்டு இருக்கறது, இனிட்குரூப்ஸ்ங்கற ஃபங்ஷன கூப்பிடும். அது ஃபைலப் படிச்சு, நீங்க இருக்கற குரூப் நம்பரெல்லாம் பொறுக்கி, கெர்னல்கிட்ட குடுத்து ப்ராசஸ் மேல ஒட்டிடும். அதுக்கப்புறம் ரூட் அதிகாரத்த விட்டுட்டு நீங்களா மாறிடும். அதோட சரி. அந்த ப்ராசஸ்ல இருந்து பொறக்கற ஷெல், எடிட்டர், பைத்தான் எல்லாம் அதே லிஸ்ட்ட அப்படியே வாங்கிட்டு வரும், கல்யாண வீட்டு வாசல்ல கையில கட்டி விடற பட்டை மாதிரி, உள்ள போனப்பறம் வெளிய லிஸ்ட்ட மாத்தினாலும் கையில இருக்கறது மாறாது. அந்த லிஸ்ட்ட மாத்தணும்னா ரூட் வேணும், சாதாரண ப்ராசஸ் தனக்குத்தானே ஒரு நம்பர கூட்டிக்க முடியாது.

ஒரு ஆளு ஒரே நேரத்துல பல குரூப்ல இருக்கலாம்ங்கற ஏற்பாடே 1983ல 4.2 பிஎஸ்டில வந்தது. அதுக்கு முன்னாடி யூனிக்ஸ்ல ஒரு நேரத்துக்கு ஒரே குரூப்தான், வேறொரு குரூப்புக்கு மாறணும்னா நியூஜிஆர்பின்னு ஒரு கமாண்ட் போட்டு மாறணும். அந்த கமாண்ட் இன்னைக்கும் இருக்கு, இந்த மாதிரி நேரத்துலதான் யாருக்காச்சும் ஞாபகம் வருது.

இப்ப எங்க கேஸுக்கு வரேன். கன்ட்ரோல்மாஸ்டர் இருக்கறதால அவங்க திங்கக்கிழமை தொறந்த ஒவ்வொரு "புது" எஸ்எஸ்எச்சும் புதுசே கிடையாது. லேப்டாப் பக்கம் புது டெர்மினல், சர்வர் பக்கம் என்னைக்கோ முதல் தடவ ஓடிபி போட்டப்ப பொறந்த அதே எஸ்எஸ்எச்டி ப்ராசஸ், அது அப்பவே ரூட்ட விட்டு எறங்கிடுச்சு, அதால புது லிஸ்ட் ஒட்ட முடியாது. எடிட்டர் பக்கமும் இதே மாதிரி ஒரு விஷயம் உண்டு, விஎஸ் கோட் ரிமோட்ல போனா சர்வர்ல ஒரு ப்ராசஸ் ஏறும், விண்டோவ மூடினதும் அது உடனே போயிடாது, கொஞ்ச நேரம் காத்திட்டு இருக்கும், அதுக்குள்ள திரும்ப வந்தா அதையே பிடிச்சுக்கும். டிமக்ஸ் இன்னும் மோசம், மூணு வாரமா ஓடிட்டு இருந்துச்சு, அதுல புது விண்டோ தொறந்தாலும் மூணு வாரத்துக்கு முந்தின லிஸ்ட்தான் வரும். ஆக அவங்க லாக்அவுட் பண்ணலன்னு ஜூனியர் நெனச்சான், அவங்க பண்ணினோம்னு சத்தியம் பண்ணாங்க, ரெண்டு பேர் சொன்னதுலயும் பொய் இல்ல.

சாயங்காலம் நடந்த தப்ப மறச்சதும் இதேதான். ஃபைல்ல இருந்து மூணு குரூப்ப அழிச்சாச்சு, ஆனா ஓடிட்டு இருந்த ப்ராசஸ் எல்லாத்துலயும் பழைய லிஸ்ட் இருந்ததால எதுவும் ஒடையல. ராத்திரி லேப்டாப் ரீஸ்டார்ட் ஆனதும் மாஸ்டர் கனெக்ஷன் செத்துச்சு, காலைல நெஜமாவே ஒரு புது லாகின் நடந்துச்சு, புது ஃபைல் படிச்சுது, நல்லது கெட்டது ரெண்டும் ஒண்ணா வந்துச்சு.

எடுத்த முடிவுகள்

முதல்ல வந்த யோசனை சர்வர ரீபூட் பண்றது. பண்ணல. இன்னொரு ஸ்டூடன்ட்டோட ஜாப் மூணாவது நாளா ஓடிட்டு இருந்துச்சு, இவங்களோடது ஆறாவது நாள். அது மட்டும் காரணம் இல்ல. அந்த நேரத்துல ரீபூட் பண்ணியிருந்தா பழைய சரியான லிஸ்ட் உயிரோட இருந்த இடமும் போயிருக்கும்.

ஏன்னா அடுத்த கேள்வி, அவங்க முன்னாடி எந்தெந்த குரூப்ல இருந்தாங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறது. யூசர்மாட் மாதிரி கமாண்டுங்க குரூப் ஃபைல மாத்தும்போது முந்தினத பக்கத்துலயே, பேருக்கு பின்னாடி ஒரு மைனஸ் குறி போட்டு, காப்பி வெச்சிட்டு போகும். அதத் தொறந்து பாத்தோம். பிரயோஜனம் இல்ல, அது கடைசி மாத்தத்துக்கு முந்தின காப்பி ஒண்ணுதான் வெக்கும், காலைல ஒம்போது மணிக்கு ஜூனியர் இன்னொரு பையனுக்கு அக்கவுன்ட் போட்டிருந்தான், அதுல பழைய காப்பி அடிபட்டு போச்சு.

அதனால டிமக்ஸ்கிட்டயே கேட்டோம். டிமக்ஸ் சர்வரோட ப்ராசஸ் நம்பர எடுத்து, ஓடற ப்ராசஸ் விவரமெல்லாம் இருக்கற ப்ராக்குக்குள்ள அந்த நம்பர் டைரக்டரில ஸ்டேட்டஸ் ஃபைலப் பாத்தா குரூப்ஸ்னு ஒரு வரி இருக்கும். அதுல 44 110 1019 1042. அழிஞ்சு போன லிஸ்ட் உயிரோட உக்காந்திருந்துச்சு. இது ஒண்ண மட்டும் நம்ப வேணாம்னு லாகின், அக்கவுன்ட் மாத்தம் எல்லாம் பதிவாகற ஆத் லாகையும் தேடினோம், யூசர்மாட் தான் பண்றத அதுல எழுதி வெக்கும், திங்கக்கிழமை சாயங்காலம் 5.34க்கு இந்த யூசர இந்த குரூப்ல இருந்து டெலீட் பண்ணேன்னு வரிசையா வரி, வீடியோ, ரெண்டர், குரல் மூணுக்கும். ரெண்டும் ஒத்துப்போச்சு. ஜூனியர் அந்த வரிகள படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "நான்தான் சார்"னான். "தெரியும்பா, மேல பாப்போம்"னேன், வேற என்ன சொல்றது, நானும் இத ஒரு காலத்துல என் சொந்த அக்கவுன்ட்டுக்கே பண்ணி அட்மின் அதிகாரம் குடுக்கற சுடோ குரூப்ப எழந்து ரெக்கவரி மோடுல போய் நின்னவன்தான்.

திரும்ப சேக்கறதுக்கு யூசர்மாட் வேணாம்னு முடிவு பண்ணி ஜி-பாஸ்வட் போட்டோம், அதுல சின்ன ஏ போட்டா ஒரு ஆள ஒரு குரூப்ல சேக்கும், அவ்வளவுதான், மத்தத தொடாது. மூணு தடவ போட்டோம், மூணு குரூப்புக்கு.

அப்புறம் அவங்களுக்கு புது லிஸ்ட்ட எப்படி ஒட்டறது. டிமக்ஸ்குள்ளயே நியூஜிஆர்பி போட்டா நிலம் வந்துடும், ஆனா அது அந்த ஷெல்லோட ப்ரைமரி குரூப்பயே மாத்திடும், அப்புறம் அவங்க ஹோம்ல உருவாக்கற ஃபைல் எல்லாம் நிலம் பேர்ல விழும், அந்த குழப்பம் வேண்டாம்னு விட்டோம். வேற யூசரா மாறறதுக்கான எஸ்யூ கமாண்ட தன் பேருக்கே போட்டா முழுசா புது லிஸ்ட் வரும், ஆனா பாஸ்வேர்ட் கேக்கும், எங்ககிட்ட எல்லாருக்கும் கீயும் ஓடிபியும்தான், பாஸ்வேர்டே வெக்கல. அதனால நேர் வழி: லேப்டாப்ல இருந்து எஸ்எஸ்எச்க்கு பெரிய ஓ போட்டு எக்ஸிட்னு சொல்லி மாஸ்டர் கனெக்ஷன மூடச் சொன்னோம், ஓடிபி போட்டு புதுசா வரச் சொன்னோம், வந்ததும் டிமக்ஸ பெரிய எல் ஆப்ஷன்ல வேற பேரு குடுத்து தனியா இன்னொரு சர்வரா ஆரம்பிக்கச் சொன்னோம். பழைய டிமக்ஸ தொடல, அதுல ஜாப் ஓடிட்டே இருக்கட்டும், அதுக்கு நிலம் தேவையே இல்ல.

பதினொன்ற மணிக்கு வெறும் ஐடி அடிச்சாங்க. அஞ்சு நம்பர், 44, 110, 1019, 1031, 1042.

அப்புறம் என்ன ஆச்சு

ஜாப் புதன்கிழமை ராத்திரி முடிஞ்சுது, வியாழன் காலைல பழைய டிமக்ஸ அவங்களே மூடிட்டாங்க. டேட்டா எதுவும் போகல. அவங்களுக்கு ஒரு நாள் வேலை போச்சு, மூணு தடவ லாக்அவுட் பண்ணீங்களான்னு கேட்டதுக்கு ஜூனியர் போய் சாரி சொன்னான், நானும் கான்ஃபிக் எழுதினவன்ங்கற முறைல சொன்னேன்.

எனக்கு இதுல தூக்கத்த கெடுத்தது வேற விஷயம். குரூப்ல சேத்தா உடனே வராதுன்னா, குரூப்ல இருந்து எடுத்தாலும் உடனே போகாது. போன வருஷம் ஒருத்தர் குரல் ப்ராஜெக்ட்ல இருந்து வெலகினப்ப குரூப்ல இருந்து பேர எடுத்துட்டு, ஆக்செஸ் எடுத்தாச்சுன்னு மெயில் போட்டேன். அவரு ஒரு டிமக்ஸ விட்டு வெச்சிருந்தா சர்வர் அடுத்து ரீபூட் ஆகற வரைக்கும் எல்லாத்தயும் படிச்சிருக்கலாம். அப்படி ஏதும் நடந்ததா தெரியல, நல்ல மனுஷன், ஆனா நான் போட்ட மெயில் அன்னைக்கு பொய்.

மாத்தினது

குரூப்ல சேக்கற வேலைக்கு எங்க நோட்ஸ்ல யூசர்மாட் வரிய அடிச்சுட்டு ஜி-பாஸ்வட் எழுதியாச்சு. அந்த ஆப்ஷன் ஒரு எழுத்து தவறினா இவ்வளவு பண்ணும்னா, கவனமா இருன்னு சொல்றதுல அர்த்தம் இல்ல, அந்த கமாண்டே கை படற எடத்துல இருக்கக் கூடாது. ஜூனியர் ஒரு சின்ன ஸ்க்ரிப்ட்டும் எழுதினான், சேக்கறதுக்கு முன்னாடி லிஸ்ட்டும் பின்னாடி லிஸ்ட்டும் ரெண்டயும் ப்ரின்ட் பண்ணும். எனக்கு இந்த மாதிரி சுத்தி எழுதற ஸ்க்ரிப்ட் எல்லாம் பெருசா புடிக்காது, நாளைக்கு வேற சர்வர்ல அது இருக்காது, கை பழைய பழக்கத்துக்கு போயிடும். ஆனா அவன் எழுதினது, இருக்கட்டும்னு விட்டேன்.

டிக்கெட் மூடறதுக்கு புது கண்டிஷன்: யூசர் தன் டெர்மினல்ல வெறும் ஐடி அடிச்சு அவுட்புட்ட ஒட்டணும். அட்மின் தன் ஷெல்லுல இருந்து பாத்தது கணக்குல வராது.

லாக்அவுட் பண்ணுங்கன்னு மொட்டையா சொல்றத நிறுத்திட்டோம். எஸ்எஸ்எச் மாஸ்டர மூடு, எடிட்டர்ல கில் சர்வர் ஆன் ஹோஸ்ட் குடு, டிமக்ஸ புதுசா ஆரம்பின்னு மூணயும் தனித்தனியா சொல்றோம். லேப்ல ரெண்டு பேரு டெஸ்க்டாப்ல வேலை பாக்கறாங்க, அங்க சர்வீஸ் எல்லாம் பாத்துக்கற சிஸ்டம்டியோட யூசர் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, லிங்கர் ஆன் பண்ணி வெச்சிருந்தா டெஸ்க்டாப்ப லாக்அவுட் பண்ணினாலும் அது சாகாது, அதுலேந்து கெளம்பற டெர்மினலுக்கும் பழைய லிஸ்ட்தான், அதயும் நோட்ஸ்ல சேத்தோம். சர்வீஸா ஓடறது எதுவா இருந்தாலும் அத ரீஸ்டார்ட் பண்ணணும். குறிச்ச நேரத்துல ஜாப் ஓட்டற க்ரானுக்கு கவலை இல்ல, அது ஒவ்வொரு ஜாப்புக்கும் லிஸ்ட்ட புதுசா எடுத்துக்கும்.

ஆள எடுக்கறப்ப, குரூப்ல இருந்து பேர எடுத்ததும் லாகின்-சிடிஎல்ல டெர்மினேட் யூசர் குடுத்து அவரோட செஷன் எல்லாத்தயும் முடிக்கறோம், அப்புறம் அவர் பேர்ல ப்ராசஸ் ஏதும் மிச்சம் இருக்கான்னு பாத்துட்டுதான் மெயில்.

என் கான்ஃபிக்ல கன்ட்ரோல்பெர்சிஸ்ட் யெஸ்னு இருந்துச்சு, அதாவது காலவரையே இல்லாம. அத பத்து நிமிஷமா கொறச்சேன். ஓடிபி மறுபடி அதிகமா வருதுன்னு பசங்க பொலம்பறாங்க, நியாயம்தான், இன்னும் மாத்தல.

கடைசியா ஒண்ணு பண்ணோம். இந்த மாதிரி வேற யாருக்காச்சும் நடந்திருக்கான்னு ஆத் லாக்ல சுழற்சில மிச்சம் இருந்த நாலு வாரத்தயும் தேடினோம். ஒருத்தர் மாட்டினாரு, ஃபைனல் இயர் பையன், ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வேறொரு ப்ராஜெக்ட்ல சேக்கறப்ப வீடியோ, ரெண்டர் ரெண்டும் போயிருக்கு. அவன் ஒரு கம்ப்ளைன்ட்டும் பண்ணல. கூப்பிட்டு கேட்டதுக்கு, "ஜிபியு கோட்டா முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன் சார், பத்து நாளா சிபியுலதான் ஓட்டிட்டு இருக்கேன்"னான். எங்ககிட்ட கோட்டான்னு ஒண்ணே கிடையாது. ரெண்டு குரூப்லயும் சேத்துட்டு, மாஸ்டர மூடிட்டு வந்து ஐடி அடிச்சு அனுப்புப்பான்னு சொன்னேன். சாயங்காலம் ஸ்க்ரீன்ஷாட் வந்துச்சு, 44ம் 110ம் இருந்துச்சு.